ஜாரை எந்த எழுத்தில் தொடங்குவது?

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கில நூல்களுக்குப் பிரதி திருத்துபவர்களை ரஷ்ய வரலாறு முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடும். ரஷ்ய மன்னரின் பட்டமான ஜாரை டி-எஸ்-ஏ-ஆர் என்று எழுதுவதா, சி-இசட்-ஏ-ஆர் என்று எழுதுவதா? தமிழில் இந்தத் தொல்லை இல்லை. பாரதியார் எழுதிய 'ஜார்' அப்படியே நிலைத்துவிட்டது.

புதியவர்கள் உடனே எழுத்துப்பெயர்ப்பு அட்டவணையைத் தேடுகிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் ரஷ்ய முதலெழுத்து டி-எஸ் ஆகும். பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 9 முறையில் வெறும் சி. இரண்டிலும் சொல்லின் கடைசியில், முந்தைய மெய்யை மென்மையாக்கும் ரஷ்ய எழுத்தான மென்மைக் குறிக்காக ஒரு கீற்று வேறு ஒட்டிக்கொள்ளும். ஆவணக் காப்பகத்தில் கிடைத்த ஒரு குமாஸ்தாவின் பெயரை எழுத அட்டவணை வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் புழங்கும் பட்டத்துக்கு வழக்கே போதும்.

சி-இசட் வடிவம் போலிஷ் மொழியிலிருந்து வந்தது என்று பலர் நம்புகிறார்கள். போலிஷில் அந்த இரண்டெழுத்துக்கு 'ச்' ஒலி. ஜாரை அவர்கள் சி-ஏ-ஆர் என்றுதான் எழுதுகிறார்கள். ஹாப்ஸ்பர்க் தூதராக மாஸ்கோ சென்ற ஹெர்பர்ஸ்டைன் 1549-இல் வெளியிட்ட லத்தீன் நூல்தான் சி-இசட் வடிவத்தை மேற்கு ஐரோப்பாவில் பரப்பியது. பிறப்பு கோணல் என்பதற்காக அதைப் பிழை என்று அடித்துவிட முடியாது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதைத்தான் முதன்மைச் சொல்லாக வைத்திருக்கிறது. அமெரிக்கச் செய்தித்தாள் வழக்கும் அதுவே. பிரிட்டிஷ் நூல்களில் டி-எஸ். அமெரிக்க வரலாற்றாசிரியர்களிலும் பெரும்பாலோர் டி-எஸ் பக்கம்தான். ஆகவே பதிப்பகத்தின் நடைக் கையேட்டைப் பாருங்கள். அது பேசாவிட்டால், வரலாற்று நூலுக்கு டி-எஸ் என்பது என் தீர்ப்பு.

ஆபத்து அதற்குப் பிறகுதான். கோப்பு முழுவதும் சி-இசட்டை டி-எஸ் என்று ஒரே சொடுக்கில் மாற்றினால், முதலாம் அலெக்சாந்தரின் வெளியுறவு அமைச்சராக இருந்த சார்தோரிஸ்கியின் பெயரும் சேர்ந்து சிதையும். அவர் போலந்துக்காரர், பெயரின் முதல் நான்கு எழுத்துகள் சி-இசட்-ஏ-ஆர். ஹங்கேரிய நடனமான சார்தாஷின் ஆங்கில வடிவத்துக்கும் அதே கதி. மேற்கோள்களையும் நூற்பட்டியலில் உள்ள தலைப்புகளையும் தொடவே கூடாது. வாஷிங்டனில் ஒரு துறைக்குப் பொறுப்பாக அமர்த்தப்படும் அதிகாரியையும் பத்திரிகைகள் 'ஜார்' என்கின்றன. அங்கே சி-இசட் இருக்கட்டும்.

பட்டமே சரிதானா என்றும் பார்த்துவிடுங்கள். 1547-இல் முடிசூடிய நான்காம் இவான் ஜார். 1721-இல் பீட்டர் பேரரசர் என்ற பட்டத்தை ஏற்றார்; அதற்குப் பின் வந்தவர்களை ஜார் என்பது பேச்சு வழக்கு. அந்தப் பட்டம் ரஷ்யாவுக்கு மட்டும் உரியதும் அல்ல: செர்பியாவின் துஷான் 1346-இல் ஜாராக முடிசூடினார்.

படைத்தலைவரையும் ஆளுநரையும் குறித்த ஸ்லாவியப் பட்டமான வோய்வோட் இதைவிடச் சிக்கல். இன்றைய ருமேனியாவில் உள்ள வலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாதுக்கு ஆங்கிலத்தில் இந்த வடிவம் பொருந்தும். பழைய ரஷ்யாவின் மாகாண ஆளுநர் வோயெவோதா. முதல் உலகப் போர்க்காலச் செர்பியத் தளபதி புத்னிக் வோய்வோதா. மூலச்சொல் ஒன்றுதான், ஆனால் அந்தந்த நாட்டு வரலாற்று நூல்களின் வழக்கு வெவ்வேறு. மூவரும் ஒரே நூலில் வந்தால் மூன்றையும் ஒன்றாக்காதீர்கள். முதல் தடவை வருமிடத்தில் ஒரு விளக்கம் போதும்.

சொல்லடைவில் ஜாரை டி வரிசையில் வைத்தால், சி வரிசையிலும் 'காண்க' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.