ஆதரவும் ஆதாரமும் உடன்பிறப்புகள் அல்ல

ஆதரவு, ஆதாரம் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒலியும் நெருக்கம், பொருளும் நெருக்கம். ஆனால் வேர் வேறு. இரண்டும் வடமொழி வழி வந்தவை என்பது சரி. ஆதாரம், தாங்குவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஆதரவுக்கு அடியான ‘ஆதர’ என்பதற்கோ மதிப்பு, அக்கறை என்று பொருள். அங்கே இரண்டுக்கும் ‘த’ வேறு வேறு எழுத்து. தமிழுக்கு வந்ததும் ஒரே ‘த’ ஆகிவிட்டது. குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! மலையாளத்தில் இன்றும் ‘ஆதரவு’ என்றால் மரியாதைதான்.

தமிழில் அது அன்பு, பரிவு என்று இளகி, அப்புறம் ‘பக்கம் நிற்றல்’ என்று ஆனது. பழைய ஈரம் இன்னும் காயவில்லை. “ஆதரவாகத் தலையைத் தடவிக் கொடுத்தார்” என்கிறோமே, அங்கே யாரும் யாரையும் தாங்கவில்லை. கனிவு மட்டுமே இருக்கிறது. “தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்” என்பதில் அந்தக் கனிவு துளியும் இல்லை.

அதனால்தான் இதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்திவிட முடியாது. தலையைத் தடவும் இடத்தில் ‘பரிவு’, ‘அரவணைப்பு’. கட்சி, தீர்மானம் என்றால் ‘பக்கம் நின்றார்’, ‘துணை நின்றார்’. போக்கிடம் இல்லாதவருக்கு ‘பற்றுக்கோடு’, ‘புகல்’. கொடி பற்றி ஏற நடும் ‘கொழுகொம்பு’ம் அழகான சொல், எழுத்தில் இன்னும் கொஞ்சம் புழங்கலாம். குறள் 415-இல் ‘ஊற்றுக்கோல்’ வருகிறது. வழுக்கு நிலத்தில் நடப்பவருக்கு உதவும் ஊன்றுகோல் அது. நல்லொழுக்கம் உடையவரின் சொல்லுக்கு உவமை.

‘துணை’யில் மட்டும் கவனம் வேண்டும். வழித்துணையில் அது உடன் வருவது. துணைத்தலைவர் என்னும்போது அடுத்த நிலைப் பதவி. ‘துணைக்குழு’ என்றால் உதவிக்கு வந்த குழுவா, உட்குழுவா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பொறுக்காத புழக்கம் ஒன்று உண்டு: “இந்த போன் தமிழ் எழுத்துருவை ஆதரிக்கிறது.” போன் எங்கே போய் ஆதரிக்க? “இந்த போனில் தமிழ் எழுத்துரு தெரியும்” என்றால் போதுமே. பேச்சில் நாம் அப்படித்தானே சொல்கிறோம். அதுவும் வராவிட்டால், ‘சப்போர்ட் பண்ணும்’ என்றே விட்டுவிடுங்கள்.