5 வாக்கியம், 608 மேற்கோள்

1980 ஜனவரி 10 அன்று ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் கடிதப் பகுதியில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர்கள், பாஸ்டனில் மருந்துகளின் விளைவுகளைக் கண்காணித்துவந்த ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும். தொடர்ச்சியாகக் கண்காணிக்கப்பட்ட 39,946 உள்நோயாளிகளில் 11,882 பேர் அபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு (நார்கோட்டிக்) வலிநிவாரணிகளில் குறைந்தது ஒன்றையாவது பெற்றிருக்கிறார்கள். முன்பு போதைப்பழக்கம் இல்லாதவர்களில், ஓரளவு நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட அடிமைத்தனம் நான்கு பேரிடம் மட்டுமே இருந்தது. ஆகவே மருத்துவமனைகளில் இம்மருந்துகள் பரவலாகப் பயன்பட்டாலும், போதை வரலாறு இல்லாத நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் எண்களை விட்டுவிட்டு அடைமொழிகளை மட்டும் படித்துப் பாருங்கள். ‘குறைந்தது ஒன்றையாவது’ என்பதில், ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டவரும் சேர்ந்துவிடுகிறார். அந்தச் சொற்றொடர் 11,882 என்ற மொத்தத்தைப் பெருக்குகிறது. ‘ஓரளவு நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட’ என்பதோ எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மருத்துவமனைக் கோப்பில் யாராவது எழுதிவைத்திருந்தால்தான் அது கணக்கில் வரும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு நோயாளி என்ன ஆனார் என்பது அந்தக் கோப்பில் இருக்காது. பின்னத்தின் கீழ் எண்ணை ஒரு சொற்றொடர் ஊதிவிட, மேல் எண்ணை இன்னொன்று சுருக்கிவிடுகிறது. எத்தனை நாள், எவ்வளவு டோஸ் என்ற விவரமும் கிடையாது.

இத்தனைக்கும், கடிதம் எழுதியவர்கள் தம் நிபந்தனைகளை வாக்கியத்துக்குள்ளேயே நேர்மையாக வைத்திருந்தார்கள். முதல் வெட்டு தலைப்பில் விழுந்தது: ‘நார்கோட்டிக் மருந்து பெற்ற நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது’. மருத்துவமனை போய்விட்டது, ‘போதை வரலாறு இல்லாத’ என்பதும் போய்விட்டது. அவசரத்தில் இருப்பவர் எடுத்துக்கொண்டு போவது தலைப்பைத்தானே.

அது எவ்வளவு தூரம் போனது என்பதைக் கனடிய ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து, 2017இல் அதே இதழில் வெளியிட்டார்கள். கடிதத்தை மேற்கோள் காட்டியவை 608 கட்டுரைகள். அவற்றில் 439, அதாவது 72.2 சதவீதம், அடிமைத்தனம் அரிது என்பதற்கு அதைச் சான்றாக நிறுத்தின. அந்த நோயாளிகள் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்கள் என்பதை 491 கட்டுரைகள் (80.8 சதவீதம்) சொல்லவே இல்லை. முதுகுவலிக்காக மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை விழுங்குபவருக்கும் அதே ‘அரிது’ பொருந்தும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்ள அது போதுமானது. கடிதம் என்ற பெயரும் வழியில் ‘ஆய்வு’ என்று பதவி உயர்வு பெற்றது. தன் எழுத்து இப்படிப் பயன்படுத்தப்பட்டது குறித்து ஜிக்கே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.

மருந்து லேபிளின் மொழி இன்னும் நுட்பமானது. 1995இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரைக்கு ஒப்புதல் தந்தபோது, அது மெதுவாக உடலில் சேர்வதால் தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு குறையும் என ‘நம்பப்படுகிறது’ என்று லேபிளில் இருந்தது. யார் நம்புகிறார்கள்? எதை அளந்து? வினையைச் செய்தவர் வாக்கியத்தில் இல்லாததால் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாது. மாத்திரையைப் பொடித்தால் மெதுவாகச் சேரும் ஏற்பாடே குலைந்துபோகும். அதைத்தான் பலரும் செய்தார்கள். 2001இல் அந்த வரி நீக்கப்பட்டது. 2007இல் அந்த மாத்திரையைத் தயாரித்த பர்டூ நிறுவனத்தின் இணை நிறுவனமும் மூன்று உயரதிகாரிகளும், அடிமைத்தன அபாயத்தைக் குறைத்துக் காட்டி மருந்தை விற்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 63 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார்கள். நம் செய்தித்தாள்களில் இதேபோல யார் சொன்னது என்று இல்லாமல் ‘கூறப்படுகிறது’ வரும்போது நாம் கண் சிமிட்டுவதுகூட இல்லை என்பது வேறு விஷயம்.

மருந்து விற்பனைக்கு வெளியே, ஆய்வுக் கட்டுரைகளிலும் இது நடக்கும். எதிர்பார்த்த முக்கியப் பலன் நிரூபணமாகாத 72 மருத்துவப் பரிசோதனைகளின் கட்டுரைகளை ஆய்வாளர் இசபெல் பூத்ரோன் குழு படித்தது. முடிவு 2010இல் வெளியானது. 42 கட்டுரைகளின் சுருக்கத்தில், இறுதி வரிகள் பலன் இருந்ததுபோல வளைக்கப்பட்டிருந்தன. வளைக்கும் வழிகள் சில உண்டு: கிடைக்காத முக்கியப் பலனைப் பேசாமல், ஏதோ ஒரு சிறு பிரிவு நோயாளிகளிடம் தென்பட்ட முன்னேற்றத்தைப் பேசுவது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுவிட்டு, மருந்து பெறாத குழுவும் அதே அளவு தேறியதைச் சொல்லாமல் விடுவது, ‘புள்ளியியல் முக்கியத்துவத்தை’ (தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத முடிவு என்பதற்கு முன்கூட்டியே வைத்த எல்லையை) ‘நெருங்கியது’ என்று எழுதுவது. இந்தக் கடைசி வகை எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். எல்லையைத் தொடாத எண் அதை நோக்கி நடந்துகொண்டிருப்பதாக அந்த வினைச்சொல் காட்டுகிறது. எண் எங்கும் நடக்கவில்லை.

இப்படிப்பட்ட வளைப்பைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் பட்டம் வேண்டியதில்லை. பரிசோதனை தொடங்கும் முன்பே அதன் முக்கிய அளவுகோல் என்ன என்று பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கும் முறை இருக்கிறது. இந்தியாவில் இதற்கான சிடிஆர்ஐ என்ற மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007இல் வந்தது. அமெரிக்காவின் பதிவேடு, பின்னால் செய்த திருத்தங்களையும் தேதியோடு காட்டுகிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டுரைச் சுருக்கத்தில் முதலில் பெருமையாகச் சொல்லப்படும் பலன் அங்கே அறிவித்த அளவுகோல்தானா என்று பார்க்கலாம். அங்கே ‘ஓராண்டில் மரணம்’ என்றும் இங்கே ‘ஆறு வாரத்தில் ரத்தச் சோதனை எண்’ என்றும் இருந்தால், மற்ற வரிகளைப் படிக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.