பூம்ஸ்லாங் கடி: வீக்கம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

கடித்த இடத்தில் வீக்கம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. 'விஷம் ஏறவில்லை' என்று நோயாளியை அனுப்பிவிடுவதுதான், பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க மரப்பாம்பின் கடியில் உயிரைப் பறிக்கும் தவறு. 1957 செப்டம்பரில் சிகாகோவில் ஊர்வன ஆய்வாளர் கார்ல் ஷ்மிட்டை இந்தப் பாம்பின் குட்டி ஒன்று கட்டைவிரலில் கடித்தது. மறுநாள் காலை உணவு சாப்பிட்டவர், அன்று பிற்பகலில் இறந்தார். பாம்பை அறிந்தவருக்கே இந்தக் கதி.

சஹாராவுக்குத் தெற்கே மரமும் புதரும் உள்ள இடங்களில் வாழும் பாம்பு இது. பகலில் பச்சோந்தி, பறவைக்குஞ்சு, முட்டை தேடித் திரியும். மரத்தில் பறவைகள் கூடிக் கத்தினால் அண்ணாந்து பாருங்கள். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது: ஆண் பெரும்பாலும் பச்சை, பெண் பழுப்பு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கரையோரத்தில் கொடிய விஷமுள்ள பச்சை மாம்பாவும் உண்டு, விஷமற்ற பச்சைப் பாம்புகளும் உண்டு. மாம்பாவின் தலை நீண்டு ஒடுங்கியது. பூம்ஸ்லாங்கின் தலை குட்டை, கண் மிகப் பெரியது. சீண்டினால் கழுத்தை உப்ப வைக்கும். விட்டால் ஓடிவிடும், கடிபடுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பிடிக்கப் போனவர்கள்.

இது விஷப்பல் வாயின் பின்பக்கம் உள்ள பாம்பு, மென்றால்தான் விஷம் இறங்கும் என்பார்கள். வாயை அகலத் திறக்கும் இதற்கு அந்தத் தடையே இல்லை.

விஷம் ரத்தத்தில் உறைதலைத் தூண்டிவிட்டு, உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைத் தீர்த்துவிடும். பிறகு ரத்தம் உறையாது. தலைவலி, வாந்தி, ஈறுக் கசிவு, ஊசி குத்திய இடத்தில் நிற்காத ரத்தம் எனத் தொடங்கி, மூளை ரத்தக்கசிவும் சிறுநீரகச் செயலிழப்பும் வரலாம். இதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், ஒன்றிரண்டு நாளும் ஆகலாம்.

ஆகவே, முதல் பரிசோதனை சரியாக வந்தாலும் 48 மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்து, உறைதல் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆய்வக வசதி இல்லையென்றால், 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். ஓடினால் உறையவில்லை. சோப்பில் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ தவறான முடிவு காட்டும். ஆஸ்பிரின் வேண்டாம், தசையில் ஊசியும் வேண்டாம்.

பல பாம்புகளின் விஷத்துக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் தென்னாப்பிரிக்க விஷமுறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது. நம் ஊர் மருந்தும் அப்படியே. பூம்ஸ்லாங்குக்கென்றே ஜோகன்னஸ்பர்க்கில் தயாராகும் மருந்துதான் தேவை. பெரும்பாலான மருத்துவமனைகளில் அது இருப்பில் இராது. கேட்டு வரவழைக்க நேரம் பிடிக்கும். ரத்தக்கசிவு தொடங்கட்டும் என்று காத்திராமல், சந்தேகம் எழுந்த உடனேயே தொலைபேசியை எடுங்கள். ஓரிரு நாள் கழித்துக் கொடுத்தாலும் பலன் தரும்; ஒவ்வாமைக்கு அட்ரினலினைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு கொடுங்கள்.