வெளிச்செல் ஊர்தி உணரி: ஒரு சொல் விளக்கம்

அமெரிக்காவின் ஊர்ப்புறங்களில், சாலையிலிருந்து நெடுந்தூரம் உள்வாங்கிக் கட்டப்பட்ட வீடுகளுக்குத் தனியே ஒரு வண்டிப்பாதையும், அது சாலையைத் தொடும் இடத்தில் மின்விசையால் இயங்கும் பெரிய கதவும் இருப்பதுண்டு. வெளியிலிருந்து வருபவர் ரிமோட்டை அழுத்தியோ எண்களைத் தட்டியோ கதவைத் திறக்க வேண்டும். வீட்டிலிருந்து புறப்படுபவருக்கு அந்த வேலை இல்லை. பாதைக்கு அடியிலோ ஓரத்திலோ புதைக்கப்பட்ட ஒரு கருவி, கார் நெருங்குவதை அறிந்து கதவைத் திறக்கச் செய்துவிடுகிறது. இதைத்தான் 'ஆட்டோமேட்டிக் எக்சிட் சென்சார்', சுருக்கமாக 'எக்சிட் சென்சார்' என்கிறார்கள். முழுப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தானியங்கி வெளியேற்ற உணரி' என்று வரும். அதில் 'உணரி' ஒன்றுதான் உள்ளபடியே பொருந்துகிறது.

'சென்சார்' என்று தமிழில் எழுதினால் திரைப்படத் தணிக்கையே பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் இவை எழுத்தும் வேரும் வேறான இரு சொற்கள். தமிழ் எழுத்தில் வரும்போது ஒன்றாகிவிடுகின்றன. தணிக்கையைக் குறிக்கும் சொல், மதிப்பிடுதல் என்னும் பொருளுடைய 'கேன்சேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பண்டைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்து அவர்களின் ஒழுக்கத்தையும் கண்காணித்த அதிகாரியின் பட்டம் அது. கருவியைக் குறிக்கும் சொல்லோ, உணர்தல், புலனால் அறிதல் என்று பொருள்படும் 'சென்டீரே' என்ற வினையிலிருந்து பிறந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் கருவிப்பெயராக நிலைபெற்றது.

அந்த வினைக்கு நேரான தமிழ் வினை 'உணர்'. அதனுடன் இகர விகுதி சேர, 'உணரி' ஆகிறது. மண்வெட்டி, பாக்குவெட்டி, வடிகட்டி என வீட்டிலும் வயலிலும் புழங்கும் கருவிப்பெயர்கள் இதே வழியில் அமைந்தவை என்பதால், உணரியைப் புதுச்சொல் என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. 'உணர்வி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் 'உணர்வித்தல்' பிறவினை. பிறரை உணரச் செய்வது என்ற பொருளை அது இழுத்து வருகிறது. இந்தக் கருவியின் வேலை தான் உணர்வதே ஆகையால் தன்வினையில் பிறந்த உணரியே தக்கது என்பது என் துணிபு.

'எக்சிட்' என்பது 'அவன் வெளியே செல்கிறான்' என்று பொருள்படும் லத்தீன் வினைமுற்று. நாடகப் பிரதிகளில் ஒரு பாத்திரம் மேடையை விட்டு நீங்குவதைக் குறிக்கும் குறிப்பாக ஆங்கிலத்தில் புழங்கியது. தமிழில் 'வெளியேற்றம்' என்றதும் புகையோ கழிவுநீரோதான் பெரும்பாலும் நினைவுக்கு வருகிறது. பேருந்து நிலையத்திலும் திரையரங்கிலும் 'வெளியே செல்லும் வழி' என்று எழுதிவைத்த வழக்கைப் பின்பற்றி 'வெளிச்செல்' என்பதே நல்லது. எனினும் 'வெளிச்செல் உணரி' என்று நிறுத்திவிட்டால், உணரியே வெளியே செல்வதாக வினைத்தொகை பொருள் தந்துவிடும். இடையில் ஒரு பெயர் வேண்டும். அது எது என்பதைக் கருவி இயங்கும் முறையே சொல்கிறது.

இவ்வகையில் மிகுதியாகப் பயன்படுவது தூண்டல் வளையம். பாதையின் தாரிலோ கான்கிரீட்டிலோ செவ்வக வடிவில் மெல்லிய பள்ளம் அறுத்து, அதில் காப்பிட்ட கம்பியைச் சில சுற்றுகள் இட்டு, மேலே அடைப்புப் பசை ஊற்றி மூடுகிறார்கள். மூலைகள் கூராக இருந்தால் கம்பியின் உறை கிழியும் என்பதால் அவற்றைச் சாய்வாக அறுப்பதும், வளையத்திலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிவரை செல்லும் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோவதும் நல்ல வேலையாளின் அடையாளங்கள். வளையத்தில் மாறுதிசை மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கார் மேலே வந்ததும் அதன் அடிப்பகுதி உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. வளையத்தின் மின்தூண்டல் எண், அதாவது மின்னோட்டத்தின் மாற்றத்தை அது எதிர்க்கும் அளவு, குறைகிறது. அதனால் மின்னோட்ட அலைவின் அதிர்வெண் கூடுகிறது. அந்தச் சிறு மாற்றத்தைக் கண்டுதான் பெட்டி கதவுக்கு ஆணை தருகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. வண்டியின் எடை அழுத்துவதால் கதவு திறக்கிறது என்று பலர் எண்ணுவது சரியன்று. இரும்பே இல்லாத அலுமினிய வண்டியையும் வளையம் அறியும்.

இன்னொரு வகை, பாதையோரம் குழாய்க்குள் புதைக்கப்படும் காந்தப்புல உணரி. புவியின் காந்தப்புலத்தை இரும்பு நகர்ந்து குலைக்கும்போதுதான் இது விழிக்கும். நின்றுகொண்டிருக்கும் காரை இது காணாது. ஆகவே இரும்புக் கதவுக்கு மிக அருகில் புதைத்தால் கதவின் அசைவையே வண்டி என்று கொள்ளும். இடத்தைத் தேர்வதில் மற்றொரு கணக்கும் உண்டு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் கடக்கிறது. கதவு முழுதாகத் திறக்க 12 நொடி பிடிக்குமானால், நிற்காமல் வெளியேற, உணரி கதவுக்கு ஏறத்தாழ 50 மீட்டர் உள்ளே இருக்க வேண்டும்.

இரு வகையும் அறிவது உலோக வண்டியை, மனிதரை அன்று. கதவின் பாதையில் ஒரு குழந்தை நின்றால் இவற்றுக்குத் தெரியாது. அதனால் பெயரின் நடுவில் வண்டியைக் குறிக்கும் சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன். 'ஊர்' என்னும் வினையில் பிறந்து, சிவனின் வெள்ளை ஏற்றைக் குறிக்கப் புறநானூற்றின் கடவுள் வாழ்த்திலேயே ஆளப்பட்ட 'ஊர்தி' அதற்குப் போதும். ஆக, 'வெளிச்செல் ஊர்தி உணரி'. 'தானியங்கி' என்ற முன்னொட்டு தேவையில்லை. தானே இயங்குவது கதவுதான், அதையும் 'தானியங்கு கதவு' என்று எழுதுவதே இலக்கணம்.

ஆள் சிக்காமல் தடுக்கும் கருவிகளுக்கு 'காப்பு உணரி' என்று தனிப்பெயர் இருக்கட்டும். குறுக்கே ஒளிக்கதிர் பாய்ச்சுவதும், கதவின் விளிம்பில் பட்டதும் நிறுத்துவதும் அவ்வகையின. மின்கதவுகளின் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் யுஎல் 325 தரநெறி, ஆள் சிக்கக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு காப்பு முறைகளை 2016 முதல் வலியுறுத்துகிறது. ஊர்தி உணரி அந்த இரண்டில் ஒன்றாகக் கணக்கில் சேராது.