அடிவானத்துக்கு அப்பால் இன்னொரு நான் உண்டா?

சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, வேற பிரபஞ்சத்துல இதே மாதிரி நீங்களும் நானும் நின்னுகிட்டிருப்போமாமே, நெசமா?"

அந்த வரப்பிலிருந்தே பதிலைத் தொடங்கினேன். கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். வயல் அங்கே முடிந்துவிடுவதில்லை, நம் பார்வைதான் முடிகிறது. பத்து கிலோமீட்டர் தள்ளி வேறொரு வரப்பில் நிற்பவருக்கு அவருடைய அடிவானம். இருவர் வட்டமும் ஒன்றையொன்று தொடாது.

பிரபஞ்சத்திலும் இதே கதைதான். அதன் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் நம்மிடம் வந்து சேர்ந்த ஒளியை மட்டுமே நாம் பார்க்க முடியும். ஒளி வந்துகொண்டிருந்தபோதே வெளியும் விரிந்துகொண்டு போனதால், அந்த எல்லை இன்று எல்லாத் திசையிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இணைப் பிரபஞ்சம் என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் நம்பும்படியாகத் தோன்றுவது இந்த எளிய வகை: அதே வெளி, அதே இயற்கை விதிகள், வேறு வேறு அடிவானங்கள்.

அங்கே நம் நகல் எப்படி வரும்? பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 14 குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டை போடலாம், இல்லை வெறுமனே விடலாம். இப்படி 16,384 விதமாக வைக்க முடியும், அதற்கு மேல் ஒரு விதம்கூடக் கிடையாது. தஞ்சாவூர் நகரில் வீட்டுக்கொரு பல்லாங்குழி கொடுத்து, இஷ்டப்படி வையுங்கள் என்று சொல்வோம். வீடுகள் அதைவிட அதிகம். ஆகவே, யாரும் யாரையும் பார்த்து வைக்காமலேயே, குறைந்தது இரண்டு வீட்டிலாவது ஒரே அமைப்பு வந்தே தீரும்.

அணுவையும் அதைவிடச் சிறிய துகள்களையும் ஆராயும் குவாண்டம் இயற்பியல், பொருளுக்கும் இதையே சொல்கிறது. ஓர் எல்லைக்குட்பட்ட இடத்தில், குறிப்பிட்ட அளவு ஆற்றலுக்குள், துகள்கள் அமையக்கூடிய விதங்கள் கற்பனைக்கு எட்டாத அளவு அதிகம். ஆனாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. இதை வைத்து இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2003-இல் ஒரு கணக்குப் போட்டார். உங்கள் நகல் ஒன்று எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்ற கணக்கு. விடையை மீட்டரில் எழுத, 1 போட்டு அதன் பின்னால் சுழியங்களாக அடுக்க வேண்டும். எத்தனை சுழியங்கள் என்று சொல்வதற்கே 1-க்குப் பின் 28 சுழியங்கள் தேவை. நாம் பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் எல்லையை மீட்டரில் எழுதினால் வெறும் 27 இலக்கங்கள்தான்.

இங்கே பலரும் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். முடிவில்லாமல் இருக்கிறது என்பதற்காக எல்லாமே அதில் வந்துவிடாது. 2, 4, 6, 8 என்று எண்ணிக்கொண்டே போனால் முடிவே இல்லை, ஆனால் 7 ஒருநாளும் வராது. எண்ணற்ற வீடுகளிலும் எல்லாக் குழியையும் காலியாகவே விட்டிருந்தால் உங்கள் அமைப்பு எங்கே கிடைக்கும்? காய்கள் நன்றாகக் கலைந்திருக்க வேண்டும். அந்தக் கலைப்பு எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு இயற்பியலாளர் ஆலன் கூத் 1980-களின் தொடக்கத்தில் முன்வைத்த அண்ட வீக்கக் கோட்பாடு ஒரு விளக்கம் தருகிறது. தொடக்க நொடியின் மிகச் சிறு பகுதியில் வெளி கண்மூடித் திறப்பதற்குள் ஊதிப் பெருத்தது. அப்போதிருந்த குவாண்டம் நடுக்கங்கள் தெளித்த விதைபோல எங்கும் சிதறின. இளம் பிரபஞ்சத்தின் மிச்ச ஒளியாக வானமெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணியில் லட்சத்தில் ஒரு பங்கு வெப்ப வேறுபாடாக அதன் தடத்தை இன்றும் அளக்கிறோம்.

அடுத்தது, வெளி உண்மையிலேயே முடிவற்றதா என்ற கேள்வி. பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகளைக் கொண்டு பார்த்தால் வெளி கிட்டத்தட்டத் தட்டை. வளைவு இருந்தாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் எங்கள் வயலும் பலகைபோலத்தான் தெரிந்தது. நாலரை கிலோமீட்டருக்குள் பூமி 1.6 மீட்டர் சரிந்திருப்பது யார் கண்ணுக்கும் படவில்லை. தட்டையாக இருந்தே முடிவுள்ளதாகவும் இருக்கலாம். கோரைப்பாயைச் சுருட்டி இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். பாய் எங்கும் சுருங்கவில்லை, இழுபடவில்லை. அதில் குறுக்கே நேராக நடக்கும் எறும்பு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். வெளியும் எல்லாத் திசையிலும் அப்படிச் சுருண்டிருந்தால் நகல்களுக்கு இடம் இல்லாமலே போகலாம்.

1957-இல் இயற்பியலாளர் ஹியூ எவரெட் சொன்னது முற்றிலும் வேறு வகை. ஒரு குவாண்டம் நிகழ்வின் எல்லா விளைவுகளும் நடக்கின்றன, உலகம் கிளை பிரிகிறது என்றார். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் என்று பங்காகப் பிரிவதை இதற்கு ஒப்பிடலாம். கிளைகளின் பங்குகளைக் கூட்டினால் எப்போதும் ஒன்று. எந்தக் கிளைக்கு எவ்வளவு பங்கோ, அந்த விளைவுக்கு அவ்வளவு வாய்ப்பு.

"பார்க்கவே முடியாததை எப்படி மாமா நம்புறது?" என்றாள். நாகப்பட்டினம் கரையில் நின்றால், திரும்பி வரும் படகில் முதலில் கொடிக்கம்பம்தான் தெரியும், உடல் பிறகுதான் எழும். அடிவானத்துக்கு அப்பால் கடல் வளைந்திருப்பதை அந்தக் கம்பம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அண்ட வீக்கம் சில இடங்களில் நிற்காமல் தொடர்ந்து குமிழி குமிழியாகப் பிரபஞ்சங்களை உண்டாக்குகிறது என்பது இன்னொரு கருத்து. அப்படியொரு குமிழி நம்முடையதோடு எப்போதோ மோதியிருந்தால், நுண்ணலைப் பின்னணியில் வட்டமான ஒரு தழும்பு இருக்க வேண்டும். டபிள்யூமேப் செயற்கைக்கோள் தந்த வானப்படத்தில் 2011-இல் அதைத் தேடிப் பார்த்தார்கள். உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை.