ஸ்டிக்கரில் இருக்கும் சிசி மரத்தை அறுக்காது

"58 சிசிண்ணா. புதுசு. ரெண்டு மரம்தான் அறுத்தேன், நின்னு போச்சு."

மாதவரத்தில் இருக்கும் என் பட்டறையில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துத் தெருவெல்லாம் மரம் விழுந்த பிறகு, வடசென்னையில் ஆளாளுக்கு மரம் அறுக்கும் மெஷின், அதாவது செயின் சா வாங்க ஆரம்பித்தார்கள். வாங்குவது தப்பில்லை. என்னத்தைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

போன வாரம் வந்த மணலித் தம்பி மரம் வெட்டும் கான்ட்ராக்ட் எடுப்பவர். விவரம் தெரிந்த ஆள் என்றுதான் நினைத்தேன். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தால் பிஸ்டனில் நெடுக்காகக் கீறல், ரிங் அசையவே இல்லை. முன்பக்க பிரேக் கைப்பிடி உடைந்து, கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. கேட்டால், "அது கைக்கு இடைஞ்சல்ணா" என்கிறார்.

முதலில் இந்த சிசி விஷயத்தை முடித்துவிடுகிறேன். சிசி என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் அளவு. அவ்வளவுதான். மெஷினுக்கு எவ்வளவு பலம் என்று தெரிய வேண்டுமானால் கிலோவாட்டைப் பாருங்கள். ஸ்டில் எம்எஸ் 250 மெஷின் 45 சிசி, 2.3 கிலோவாட். அதே கம்பெனியின் எம்எஸ் 261 மெஷின் 50 சிசி, 3 கிலோவாட். ஐந்து சிசி கூடியதாலா இவ்வளவு வித்தியாசம்? சிலிண்டரில் போர்ட் (காற்றும் புகையும் போய்வரும் துவாரம்) வெட்டியிருக்கும் விதம், கார்புரேட்டர், ஆர்பிஎம் எல்லாம் சேர்ந்துதான் பலம். (இந்தக் கம்பெனியிடம் எனக்குக் கமிஷன் எதுவும் இல்லை. கணக்குக்காகச் சொல்கிறேன்.)

அடுத்து, ஸ்டிக்கரில் போட்டிருக்கும் சிசியே நிஜமா என்று பாருங்கள். 58 என்று ஒட்டிய மெஷினைப் பிரித்து வெர்னியர் வைத்து அளக்கிறோம். விட்டம் 45 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 34 மில்லிமீட்டர் என்று வந்தால் கணக்குக்கு 54 சிசிதான். மீதி நாலு சிசி ஸ்டிக்கரில் இருக்கிறது. சரி, நிஜமாகவே 58 என்றே வைத்துக்கொள்வோம். செயின் மழுங்கியிருந்தால் 70 சிசி மெஷினும் மரத்தைத் தேய்க்கத்தான் செய்யும். தூள் சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவு மாதிரி விழுந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சவுக்குத் தோப்பில் அடிமரம் அறுக்கும்போது செயின் ஒரு தடவை மணலில் பட்டால் போதும், கூர் போய்விடும். சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்குப் பிறகு என்னிடம் வந்து "மெஷினுக்கு பவர் பத்தல" என்றால் நான் என்ன செய்ய?

அப்போ எதைப் பார்த்து வாங்குவது? பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் டயாஃப்ராம் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) கிட், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், கிளட்ச் டிரம், ஆயில் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மலிவு மெஷினுக்கு ஸ்பேரே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். பிராட்வேயில் கிடைக்கும். ஆனால் போன தடவை பொருந்திய பாகம் இந்தத் தடவை பொருந்தாது. வருஷத்துக்கு ரெண்டு முருங்கைக் கிளை வெட்டுகிற வீட்டுக்காரருக்கு அது போதும். அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவருக்குப் போதாது.

மணலித் தம்பியின் பிஸ்டன் போனதற்கு மெஷினை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. "எவ்வளவு ஆயில் கலந்தீங்க?" என்று கேட்டேன். "ஒரு மூடி." எந்த மூடி, எத்தனை லிட்டருக்கு? பதில் இல்லை. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. உங்கள் மெஷினுக்கும் ஆயிலுக்கும் எது என்பது மேனுவலில் இருக்கும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனைத் தேயாமல் காக்கிறது. இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கையில் பிடிக்கும் மெஷின்கள் பலவற்றின் மேனுவல் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டயாஃப்ராமைக் கெடுக்கும். வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

பிரேக் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன், தம்பிகளா. செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைதான் பார். அதன் நுனியின் மேல்பக்கம் மரத்தில் இடித்தால் மெஷின் எகிறி முகத்துக்குத்தான் வரும். சுதாரிக்க நேரம் இருக்காது. அப்போது செயினை நிறுத்தத்தான் அந்த முன்பக்க பிரேக் கைப்பிடி இருக்கிறது. அதைக் கட்டிப்போட்டு வேலை செய்யாதீர்கள்.

டிராக்டர் வாங்குகிறவர்களிடம் சிசிக்குப் பதில் எச்பி மயக்கம். சோழவரம் பக்கம் நாலு ஏக்கர் நஞ்சைக்கு 50 எச்பி எதற்கு? எடைக்கே சேற்றில் இறங்கிவிடும். கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட சின்ன வண்டியோ பவர் டில்லரோ போதும். செகண்ட் ஹேண்ட் என்றால் காலையில் போய் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ ஷாஃப்டுக்கு மூடி இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும் ஷாஃப்ட் அது, வேட்டி நுனி மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். எண்ணூர்ப் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்று, அடியில் குனிந்து பாருங்கள். சேசிஸில் மட்டும் புதுக் கறுப்பு பெயிண்ட் இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். ஆர்சியில் பேங்க் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்ஓசியைக் கையில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.