எஸ்.ஓ.டி.எஃப். – பழுதின்மேல் இணைப்பு

பராமரிப்பு வேலை முடிந்து உயர் அழுத்த லைனைச் சார்ஜ் செய்கிறார்கள், அதாவது மீண்டும் மின்சாரம் விடுகிறார்கள். லைனை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் பெரிய ஸ்விட்சான பிரேக்கர், சேர்ந்த வேகத்திலேயே பிரிந்துவிடுகிறது. பழுதைக் கண்டு பிரேக்கரைப் பிரியச் சொல்லும் கருவியான ரிலேயின் திரையில் எஸ்.ஓ.டி.எஃப். என்று நான்கு எழுத்து. விரித்தால் ‘ஸ்விட்ச் ஆன் டு ஃபால்ட்’. பெரும்பாலும் காரணம் மிக எளியது: வேலையாட்களின் பாதுகாப்புக்காக லைனைத் தரையோடு இணைக்க மாட்டிய எர்த் ராடைக் கழற்ற மறந்திருப்பார்கள்.

இந்தச் சொற்றொடரில் ஸ்விட்ச், ஃபால்ட் என்ற பெரிய சொற்களைவிட நடுவில் இருக்கும் ‘ஆன் டு’தான் முக்கியம். அதைப் பிறகு பார்ப்போம்.

‘ஸ்விட்ச்’ ஆங்கிலத்தில் முதலில் குறித்தது குதிரையோட்டும் மெல்லிய குச்சியை. ரயில் தண்டவாளத்தை மாற்றும் கருவிக்கும் மின்கருவிக்கும் பிறகுதான் அந்தப் பெயர் வந்தது. தமிழில் அதற்குச் ‘சொடுக்கி’ என்றொரு சொல் உண்டு. நாம் சாட்டையையும் சொடுக்கத்தான் செய்கிறோம். திட்டமிட்டு அமைந்த பொருத்தமா தெரியாது, ஆனாலும் அழகு. இலங்கைப் பாடநூல்களில் ‘ஆளி’. ‘ஃபால்ட்’ லத்தீனில் ஏமாற்றுதல், தவறுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. வழு, கோளாறு, பழுது மூன்றும் பொருந்தும். வழு இலக்கணத்துக்குப் போய்விட்டது, கோளாறு எதற்கும் பொதுவாகிவிட்டது; பழுதே சரி.

‘ரிலே’ பிரெஞ்சிலிருந்து வந்தது. வேட்டையில் களைத்த நாய்களுக்குப் பதிலாக வழியில் நிறுத்திவைத்த புதிய நாய்கள், பிறகு அதேபோல் குதிரைகள். தந்தி வந்த 19-ஆம் நூற்றாண்டில், தொலைவு கடந்து நலிந்த மின்னோட்டத்தின் வேலையைப் புதிய மின்கலத்திடம் ஒப்படைத்த கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். தமிழில் ‘அஞ்சல்’ என்பதும் கைமாற்றி அனுப்புவதுதான். வானொலியில் ‘அஞ்சல் செய்தல்’, இலங்கையில் ரிலே ஓட்டப் பந்தயத்துக்கு ‘அஞ்சலோட்டம்’. ஆனால் காப்பு ரிலே வெறுமனே கைமாற்றுவதில்லை, பழுதை உணர்ந்து சொல்கிறது. அதனால் ‘உணர்த்தி’ என்பதை ஏற்கலாம். பேச்சில் ரிலே என்றே இருக்கட்டும்.

இப்போது ‘ஆன் டு’. வழக்கமாக லைனில் மின்சாரம் முதலில் ஓடிக்கொண்டிருக்கும், பழுது பிறகு வரும். இங்கே வரிசை தலைகீழ். பழுது முன்பே காத்திருக்கிறது, மின்சாரம் போய் அதன்மேல் விழுகிறது. ரிலேயைக் குழப்புவது இந்த வரிசைதான்.

லைன்களைக் காப்பது பெரும்பாலும் தொலைவு ரிலே. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, பழுது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கும். அதில் புகழ்பெற்ற வகைக்கு ‘மோ’ என்று பெயர். 1883-இல் இயற்பியலாளர் கெல்வின், மின்தடையின் அலகான ‘ஓம்’ என்ற சொல்லைத் திருப்பிப் போட்டு உண்டாக்கிய அலகு அது. தமிழிலும் ஓ, ம் இரண்டையும் இடம் மாற்றினால் மோதான் வருகிறது! இந்த ரிலேக்குப் பழுது முன்னால் இருக்கிறதா, முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா என்று திசை தெரிய மின்னழுத்தம் வேண்டும். பிரேக்கரை ஒட்டி மூன்று ஃபேஸும் எர்த் ஆகியிருந்தால் மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். சாதாரண நாளில் பழுதுக்கு முந்தைய மின்னழுத்தத்தை நினைவில் வைத்துச் சமாளித்துவிடும். ஆனால் ரிலேக்கு மின்னழுத்தத்தை அளந்து தரும் மின்னழுத்த மின்மாற்றி பிரேக்கருக்கு லைன் பக்கம் இருந்தால், செத்துக்கிடந்த லைனில் நினைவு வைக்க என்ன இருக்கிறது?

பழுது மறுமுனையில் இருந்தால் வேறு தொல்லை. ரிலே தூரத்தை வைத்து லைனை மண்டலங்களாகப் பிரித்துக் காக்கும். முதல் மண்டலம் லைனில் சுமார் 80 சதவீதத்தைத்தான் உடனடியாகக் காக்கும். மீதி இரண்டாம் மண்டலத்தில் விழுந்து 0.3 முதல் 0.5 நொடி வரை காத்திருக்கும்.

ஆகவே சேர்த்த கையோடு ஒரு சிறு சாளரம் திறக்கிறார்கள். பிரேக்கரைச் சேர்த்த பின் சில நூறு மில்லி நொடிகளுக்கு மட்டும் ரிலே திசையைக் கேட்காது, மண்டலத் தாமதத்தையும் பார்க்காது. மின்னோட்டம் எல்லை மீறினாலோ, மின்னழுத்தம் எழாமல் மின்னோட்டம் மட்டும் ஓடினாலோ, உடனே துண்டிக்கும். கூடவே, துண்டித்த லைனைத் தானாகவே மீண்டும் சேர்க்கும் தானியங்கி மறு இணைப்பையும் தடுக்கும். எர்த் ராடு தானாகக் கழன்றுவிடாதே.

செட்டிங் வைப்பவருக்கு இங்கேதான் தலைவலி. மின்னோட்ட எல்லை, பலவீனமான மூலத்திலிருந்து வரும் மிகக் குறைந்த பழுது மின்னோட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நீண்ட லைன் தானாக இழுக்கும் சார்ஜிங் மின்னோட்டத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். லைனோடு மின்மாற்றியும் சேர்ந்து உயிர்பெற்றால் அதன் தொடக்கப் பாய்ச்சல் பழுதைப் போலவே வேடம் போடும்; அதில் தெரியும் இரண்டாம் ஹார்மோனிக்கை, அதாவது இரு மடங்கு அதிர்வெண் கொண்ட அலைக்கூறைப் பார்த்து அதைப் பிரித்தறியலாம். சாளரம் தேவைக்கு மேல் திறந்திருந்தால், பக்கத்து லைனின் பழுதுக்கும் இந்த லைன் துண்டிக்கப்படும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘இணைப்புப் பழுது’ என்றால் இணைப்பே கெட்டுவிட்டது என்றாகிவிடும், வரிசை தொலைந்துபோகும். ‘பழுதின்மேல் மூடல்’ என்பதிலும் இடறல் உண்டு: குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும், பிரேக்கரை மூடினால் மின்சாரம் ஓடும். என் தேர்வு ‘பழுதின்மேல் இணைப்பு’. ‘மேல்’ இடத்தை மட்டுமா சொல்கிறது? இனிமேல், அதற்குமேல் என்று காலத்தையும் சொல்கிறது. முன்பே இருந்த பழுது, அதன் பின் வந்த இணைப்பு இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. ரிலேயின் செயல்பாட்டைத் தனியே குறிக்க ‘பழுதின்மேல் இணைப்புக் காப்பு’.

ஒன்றை மட்டும் இதோடு கலக்க வேண்டாம்: ‘ட்ரிப் ஆன் ரீகுளோஸ்’. அது தானியங்கி மறு இணைப்பின்போது பழுது இன்னும் விலகாமல் இருந்தால் நடக்கும் துண்டிப்பு. அதை ‘மறு இணைப்பில் துண்டிப்பு’ எனலாம். பழுதை ரிலே ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது.